சாமியார் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசுவது: எங்கள் ஒன்றரை வருஷ அனுபவம்

ஃபிசியோதெரபிக்கு வருபவர், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப், அட்டெண்டர் அனுப்பும் ஏஜென்சி, ஏர்பெட் வாடகைக்கு விடும் கடை என்று அம்மா படுக்கையில் விழுந்த இந்த ஒன்றரை வருஷத்தில் எங்கள் வாசற்படி ஏறிய எல்லோருக்கும் நட்சத்திரம் போட்டு எழுதியாகிவிட்டது, ஒரே ஒரு ஆளைத் தவிர. பைக்கில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றித் திண்ணையில் வைப்பார், அரை மணி நேரம்கூட இருக்க மாட்டார், பில் கிடையாது. பங்குச் சாமியார், அதாவது எங்கள் பகுதிக் கோவிலின் குரு, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்க வருபவர். வீட்டில் படுத்துக் கிடக்கும் பெரியவர் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன். குறைகளையும் எழுதப்போவதால் எந்தப் பங்கு, எந்த ஊர் என்று சொல்லவில்லை. திருச்சிப் பக்கம் என்ற மட்டில் போதும்.

அம்மாவுக்கு 78 வயது. வலது பக்கம் ஸ்ட்ரோக். பேச்சு குழறும், ஆனால் புத்தி கத்தி மாதிரி இருக்கிறது, பால்காரர் பாக்கெட் ஒன்று குறைத்தால் கண்டுபிடித்துவிடுவார். விழுவதற்கு முதல் நாள் வரைக்கும் காலை ஆறு மணிப் பூசைக்கு நடந்தே போய் வந்தவர், புதன்கிழமை சகாயமாதா நவநாள் தவறாதவர். அப்படிப்பட்டவருக்கு டி.வி.யில் பூசை போட்டுக் காட்டினால் எப்படி இருக்கும்? இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாவது வாரம், "இதுல நன்மை வாங்க முடியாதுல்ல, அணைச்சிரு" என்றார். நன்மை என்றால் நற்கருணை, பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பம்.

அதனால் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். முதல் அனுபவமே கசப்பு. நாங்கள் இந்தப் பங்குக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகியும் பழைய பங்கிலிருந்து பெயர் மாற்றிக் கொண்டு வரவில்லை, அது எங்கள் சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேசைக்குப் பின்னால் இருந்தவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குடும்ப அட்டை இல்லை, சந்தா கட்டலை, அன்பியத்துல உங்களை யாரும் பார்த்ததே இல்லைங்கறாங்க" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். (அன்பியம் என்பது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு.) ஏதோ காஸ் கனெக்ஷன் கேட்டு வந்தவள் மாதிரி நின்றேன். அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், திருச்சபைச் சட்டத்தில் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. 1983-ல் வந்த சட்டத்தொகுப்பில் 848-ஆவது விதி, அருட்சாதனங்களுக்கு, அதாவது ஞானஸ்நானம், பூசுதல் போன்ற திருச்சடங்குகளுக்கு, நிர்ணயித்த காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது, வசதியில்லை என்பதற்காக ஒருவருக்கு அது கிடைக்காமல் போய்விடக் கூடாது என்கிறது. நோயாளிக்குப் பூசுவதற்கும் சந்தா பாக்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உங்களிடமும் யாராவது நோட்டைப் புரட்டினால் சண்டை போடாதீர்கள், நான் செய்ததைச் செய்யுங்கள்: மறுநாள் காலைப் பூசை முடிந்து சாமியார் வெளியே வரும்போது முகப்பில் பிடித்துக்கொள்ளுங்கள். "தோத்திரம் சாமி, அம்மா படுத்துட்டாங்க" என்றேன். "எங்க வீடு? நாளைக்கு ஏழரைக்கு வரேன்" என்றார். எந்த அட்டையையும் கேட்கவில்லை. (சந்தாவை அப்புறம் கட்டிவிட்டோம், மூன்று வருஷத்துக்கும் சேர்த்து.)

வரும் முன் வீட்டில் என்ன எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாதான் கட்டிலில் இருந்தபடியே உத்தரவு போட்டார். சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு தொங்கும் சிலுவை), இரண்டு மெழுகுவர்த்தி, தீர்த்தம், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன். விழுங்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு நற்கருணையைச் சின்னத் துண்டாக்கி ஸ்பூனில் தண்ணீரோடு கொடுப்பார்கள், அதனால் ஸ்பூன் முக்கியம். ஃபேனை நிறுத்துங்கள், மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருக்கும். நாயைக் கட்டுங்கள். நாங்கள் கட்டவில்லை, அது சாமியாரின் அங்கியைப் பிடித்து இழுத்தது.

அவர் வந்ததும் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்பதையும் அம்மாதான் சொன்னார். சட்டைப்பையில் நற்கருணைச் சிமிழோடு வருகிறவரிடம் மழை, வெயில், ரோடு எல்லாம் விசாரிக்கக் கூடாதாம், அதெல்லாம் முடிந்தபிறகு. அப்படியே நேராக உள்ளே வந்து சிமிழை மேசையில் வைத்து முழங்காலிட்டார். ஜிப் வைத்த கறுப்பு லெதர் பையைத் திறந்தார். ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் வெள்ளையாக மடித்து வைத்த ஸ்டோல். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளிக் குப்பி, மேலே ஓ, ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்து. ஓலியும் இன்ஃபிர்மோரும், லத்தீனில் நோயாளர் எண்ணெய் என்று அர்த்தமாம். உள்ளே எண்ணெயில் ஊறிய பஞ்சு. இவ்வளவுதான் அவருடைய மொத்தச் சாமானும். எங்கள் ஃபிசியோதெரபிஸ்ட் இதைவிடப் பெரிய பெட்டி கொண்டுவருவார்.

குப்பியைப் பார்த்ததும் அம்மா முகம் மாறியது. "எனக்கு முடிஞ்சிருச்சா சாமி?"

இந்தப் பயம் நம் வீடுகளில் எல்லோருக்கும் உண்டு. அம்மா காலத்தில் இதற்கு அவஸ்தைப் பூசுதல் என்றுதான் பேர். சாமியார் எண்ணெயோடு தெருவுக்குள் நுழைந்தால் அந்த வீட்டில் பந்தல் போடுவது பற்றி யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று ஒவ்வொன்றாகப் பூசி ஆளை அனுப்பி வைக்கும் சடங்காகத்தான் அது தெரிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே, இதைக் கடைசிப் பூசுதல் என்பதைவிட நோயில்பூசுதல் என்பதே பொருத்தம் என்று சொல்லிவிட்டது, 1972-ல் ஆறாம் பவுல் சடங்கையே மாற்றி, நெற்றியிலும் கைகளிலும் பூசினால் போதும், ஒலிவ எண்ணெய் கிடைக்காத ஊரில் வேறு தாவர எண்ணெயும் ஆகும் என்று ஆக்கினார். ஆபரேஷனுக்கு முன்னால் கேட்கலாம், வயதாகித் தளர்ந்துபோனவர்கள் குறிப்பிட்ட வியாதி இல்லாமலும் கேட்கலாம், நோய் கூடினால் மறுபடி வாங்கலாம். அரை நூற்றாண்டு தாண்டியும் வீட்டுக்கு வீடு பயம் மட்டும் பழசாகவே இருக்கிறது.

சாமியார் சிரித்தார். "முடியலம்மா. யாக்கோபு திருமுகத்துல என்ன இருக்கு? மூப்பர்களைக் கூப்பிடுங்க, எண்ணெய் பூசி செபிக்கட்டும், ஆண்டவர் எழுப்பி விடுவார்னு இருக்கு. எழுப்பி விடுற எண்ணெய் இது." அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார், வெளியே போங்கள் என்று.

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்கு, எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஹாலில் நானும் என் வீட்டுக்காரரும் அட்டெண்டர் பெண்ணும் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நல்லவேளை. கோவிலில் என்றால் பாவசங்கீர்த்தனத் தொட்டி, நடுவில் வலை, முகம் தெரியாது. இங்கே கட்டிலும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான். பேச்சுக் குழறும் ஒருவர் எப்படிப் பாவசங்கீர்த்தனம் செய்வார் என்று எனக்குக் கவலை, ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் சைகையில் சொன்னாலும் போதும் என்று பிறகு சாமியாரே சொன்னார். கதவு திறக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. 78 வயதில் கட்டிலைவிட்டு இறங்காத ஒரு பெண்மணிக்குப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு என்ன பாவம் இருந்திருக்கும் என்று நாங்கள் இன்றுவரைக்கும் யோசிக்கிறோம்.

அது எங்களுக்குத் தெரியப்போவதில்லை, சேவையின் சிறப்பே அதுதான். கேட்ட சாமியார் யாரிடமும் எந்தக் காரணத்துக்காகவும் சொல்லக் கூடாது. ஆயரிடமும் கூடாது, போலீஸிடமும் கூடாது. சொன்னால் அந்தக் கணமே அவர் திருச்சபைக்கு வெளியே, வழக்கு விசாரணைகூடத் தேவையில்லை, அதை நீக்கும் அதிகாரமும் ரோமுக்குத்தான். மொழிபெயர்க்க நடுவில் ஒருவர் இருந்தால் அவர் வாயும் கட்டு. நோயாளியின் ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் குரூப் குரூப்பாக அனுப்பும் ஒரு லேபிடம் அவஸ்தைப்பட்டுவிட்டு வந்த எனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்று மட்டும் தெரியும். மறுநாள் காலை இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது அம்மா, "உங்க அத்தைக்கு ஒரு போனைப் போடு" என்றார். அப்பாவின் தங்கை. ஒரு ஜோடி வளையல் விவகாரத்தில் இருபத்தெட்டு வருஷமாக அம்மா அவரோடு பேசியதில்லை, அப்பா சாவுக்குக்கூட இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போனை காதில் வைத்தேன். என்ன பேசினார்கள் என்று எனக்குப் புரியவில்லை, அம்மாவின் குழறல் அந்தப் பக்கம் புரிந்ததா என்றும் தெரியவில்லை, அத்தை அழுதது மட்டும் ஸ்பீக்கர் போடாமலேயே கேட்டது. இதை அபராதமாக, பாவத்துக்குப் பரிகாரமாக, சாமியார் சொன்னாரா, அம்மாவே முடிவு செய்தாரா? கேட்டதற்கு, "அது எனக்கும் சாமிக்கும்" என்று வாயைத் துடைக்கச் சொன்னார்.

பூசுதலுக்கு வருகிறேன். முதலில் பேசாமல் தலையில் கை வைத்தார், கொஞ்ச நேரம். அப்புறம் கட்டைவிரலில் எண்ணெய் எடுத்து நெற்றியில் சிலுவை, இரண்டு உள்ளங்கையிலும் சிலுவை. நான் மூக்கை நீட்டிப் பார்த்தேன், வாசம் எதுவும் வரவில்லை. உறுதிப்பூசுதலுக்குப் போடும் கிறிஸ்மா தைலத்தில்தான் வாசனைப் பொருள் கலப்பார்களாம், இது வெறும் எண்ணெய். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனை ஒட்டி ஆயர் தன் மறைமாவட்டக் குருக்கள் எல்லோரையும் கூட்டிவைத்து மூன்று எண்ணெய்களை மந்திரிப்பார், அதில் ஒன்று இது. அங்கிருந்து ஒவ்வொரு பங்குக்கும் போய், அந்தக் குப்பிக்குள் இறங்கி, பைக்கில் ஏறி, எங்கள் வீட்டு நாயைத் தாண்டி அம்மா நெற்றிக்கு வந்திருக்கிறது. முடிந்ததும் விரலைப் பஞ்சில் துடைத்துவிட்டு, "இதைக் குப்பையில போட்றாதீங்க, எரிச்சிருங்க" என்று கொடுத்தார். கொல்லையில் துளசிச் செடிக்குப் பக்கத்தில் எரித்தேன்.

வலது கை, ஸ்ட்ரோக் வந்த கை, மூடியே இருக்கும், ஃபிசியோதெரபிஸ்ட் விரலைப் பிரித்தால் அம்மா கத்துவார். சாமியார் பூசும்போது அவர் பிரிக்கவில்லை, காத்திருந்தார். அம்மாவே இடது கையால் வலது கை விரலை ஒவ்வொன்றாக நிமிர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். கை சரியாகிவிட்டது என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதீர்கள், இன்னமும் மூடித்தான் இருக்கிறது.

இந்த ஒன்றரை வருஷத்தில் மூன்று சாமியார்கள் வந்துவிட்டார்கள், சேவை ஒன்றுதான் என்றாலும் தரம் ஒரே மாதிரி இல்லை. முதலில் வந்தவர் பெரிய சாமியார், அறுபது வயதுக்கு மேல், உட்காருவார், கேட்பார். இரண்டாமவர் ஓய்வுக்கு முன் கொஞ்ச நாள் உதவிக்கு வந்தவர், மாதத்தின் முதல் வெள்ளிக்கு நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்க ஒரே காலையில் இருபது வீட்டுக்குப் போகவேண்டிய கட்டாயம், எங்கள் வீட்டில் நாலு நிமிஷம், வாசலில் பைக் அணையாமலே உறுமிக்கொண்டிருந்தது. அம்மா விழுங்கி முடிக்கும் முன்பே முடிவுச் செபம் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம்தான். மூன்றாமவர் சின்னச் சாமி, குருப்பட்டம் வாங்கி ஒரு வருஷம், நோயாளியைக் கண்டால் அவருக்கே வேர்க்கிறது, செபத்தைப் போனைப் பார்த்து வாசிப்பார், நடுவில் போன் லாக் ஆகிவிடும், திரும்ப விரலை வைத்துத் திறப்பார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது. "எப்படி இருக்கீங்க பாட்டி" என்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

இதை அம்மாவிடம் புகாராகச் சொன்னேன். அம்மா கவலையே படவில்லை. "போஸ்ட்மேன் கோவக்காரனா இருந்தா மணியார்டர் காசு குறையுமா?" இதே வாதத்துக்காக ஆப்பிரிக்காவில் நூறு வருஷம் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாது. 303-ல் ரோமப் பேரரசன் டயோக்ளீசியன் கிறிஸ்தவர்களை வதைத்தபோது பயந்துபோய் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்கள் இருந்தார்கள், அப்படிப்பட்டவர்கள் கொடுக்கும் அருட்சாதனம் செல்லாது என்று தொனாத்தியர்கள் தனியாகப் பிரிந்தே போனார்கள். செல்லும் என்று வாதாடியவர் அங்கே ஆயராக இருந்த புனித அகுஸ்தினார்: பேதுரு ஞானஸ்நானம் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்து, யூதாஸ் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்து. யோசித்துப் பாருங்கள், படுத்துக் கிடப்பவர் பக்கம் நின்று பார்த்தால் இது எவ்வளவு பெரிய நிம்மதி. வந்த சாமியார் நல்லவரா, இன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறாரா, என்னைப் பிடித்திருக்கிறதா என்று நோயாளி கவலைப்பட வேண்டியதில்லை. ஃபிசியோதெரபிஸ்ட் மூட் சரியில்லை என்றால் அன்றைக்கு அம்மாவின் தோள் வலிக்கும். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. அதற்காக அவசர சாமியாரை நான் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை, மூன்று நட்சத்திரத்துக்கு மேல் கொடுக்க மாட்டேன்.

இனி ஒப்பீடு. என் தங்கச்சி வீட்டுக்காரர் பெந்தெகொஸ்தே சபை, அவருடைய பாஸ்டரும் வந்தார். நேர்மையாகச் சொன்னால் அன்பான உபசரிப்பில் பாஸ்டர்தான் முதலிடம். ஒன்றரை மணி நேரம் இருந்தார், கிட்டார் வாசிக்கும் ஒரு தம்பியையும் கூட்டிவந்து பாட வைத்தார், அம்மா காலைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு செபித்தார், அவரும் எண்ணெய் பூசினார், அதே யாக்கோபு வசனம்தான் அவருக்கும். போகும்போது தங்கச்சி வீட்டுக்காரர், "அத்தை, நமக்குப் பிரதான ஆசாரியர் ஒருத்தர்தான், நேரா அவர்கிட்டயே போகலாம், நடுவுல யாரும் வேணாம்" என்றார். பைபிளில் எபிரெயர் திருமுகத்தைத்தான் சொல்கிறார். நம்முடைய பலவீனங்களைக் கண்டு இரக்கப்படக் கூடியவர், எல்லா விதத்திலும் நம்மைப் போலவே சோதிக்கப்பட்டவர் என்று நாலாம் அதிகாரத்தில் வருமே, அது. எங்கள் பைபிளில் அதே இடத்தில் தலைமைக் குரு என்று இருக்கும். அவர்கள் பைபிளில் "ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்" என்று இருப்பதை நாங்கள் "அரச குருக்களின் கூட்டம்" என்போம். அவர் சொன்னதைச் சாமியாரிடம் நான் சொன்னபோது, "சரியாத்தான் சொல்லியிருக்கார், குரு ஒருத்தர்தான். நான் அவரோட கை, அவ்வளவுதான். கட்டில்ல இருக்கிறவங்க தலையில வைக்க அவருக்கு ஒரு கை வேணும்ல" என்றார். இதில் யார் சரி என்று நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை, கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த லுத்தர் காலத்திலிருந்து ஓடும் வழக்கு. அம்மாவிடம் கேட்டதற்கு, பாஸ்டர் பாட்டு நல்லா இருந்துச்சு, சாமி எப்ப வருவார் என்றார்.

இப்போது, இந்த மதிப்புரையை நான் எழுதுவதற்கே காரணமான விஷயம். அப்பா 2021 மே மாதம் கோவிட்டில் போனார். ஆஸ்பத்திரிக்குள் எங்களையே விடவில்லை, சாமியாரை எங்கே விடுவார்கள். பூசாமல்தான் போனார். திரும்பி வந்தது ஒரு பிளாஸ்டிக் கவர்: மூக்குக்கண்ணாடி, போன் சார்ஜர், செபமாலை. நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்திருந்தோம். அம்மா வரவில்லை. பெரிய சாமியார் மூன்றாவது முறை வந்தபோது, நற்கருணை எல்லாம் முடிந்து, காபி குடித்துக்கொண்டிருந்தவரிடம் அம்மா திடீரென்று, "அவருக்குப் பூசலையே சாமி. எனக்கு மட்டும் பூசுறீங்க" என்றார். நாலு வருஷமாக மனதுக்குள் வைத்திருந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பெரிய விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை, கதை சொன்னார். யாழ்ப்பாணத்தை 1658-ல் டச்சுக்காரன் பிடித்தான், கத்தோலிக்கக் குருக்களை எல்லாம் விரட்டினான், ஒளித்து வைத்தால் கடும் தண்டனை. 1687-ல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் என்ற குரு கூலிக்காரன் வேஷத்தில் உள்ளே நுழையும் வரைக்கும் ஏறக்குறைய முப்பது வருஷம். "அந்த முப்பது வருஷத்துல எத்தனை பேரு செத்திருப்பாங்க? யாரு பூசினா? அவங்க எல்லாரையும் ஆண்டவர் வாசல்லயே நிறுத்திட்டாரா?" அம்மா பேசவில்லை. "அவங்ககிட்ட என்ன இருந்துச்சு? செபமாலை இருந்துச்சு. பாவத்துக்கு மனஸ்தாபப்பட மனசு இருந்துச்சு. குருவுக்கு வர முடியலைன்னா ஆண்டவருக்கும் வர முடியாதுன்னு யாரு சொன்னா?" 2020 மார்ச்சில், கோவிட் தொடங்கியபோதே, குருவைப் பார்க்க முடியாத நிலையில் இருக்கும் நோயாளிகள் செபித்து மனஸ்தாபப்பட்டாலே பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை, உண்டு என்று ரோமிலிருந்து ஆணை வந்திருந்ததையும் சொன்னார். எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். அந்த மே மாதமே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அப்புறம் கேட்டார், "செபமாலை அவரு கையில இருந்துச்சா?"

"கவர்ல போட்டுக் கொடுத்தாங்க சாமி. கண்ணாடியோட, சார்ஜரோட" என்றேன் நான்.

"வீட்லருந்து போகும்போது பையில இருந்துச்சா, மேல இருந்துச்சா?"

"பையில, அடியில. துணிக்குக் கீழ. நான்தான் வச்சேன்."

"பை திரும்பி வந்துச்சா?"

பை தனியாக வந்தது, அப்படியே. செபமாலை கண்ணாடியோடும் சார்ஜரோடும் கட்டிலில் இருந்து வந்த கவரில். "அப்ப வெளிய எடுத்துருக்கார்" என்றார் சாமியார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார், சர்வேசுரா சுவாமி என்று ஆரம்பித்து மனஸ்தாப மந்திரத்தைக் குழறலோடு முழுவதும் சொன்னார், நாங்களும் சேர்ந்து சொன்னோம். அந்த ராத்திரிதான் அம்மா மாத்திரை இல்லாமல் தூங்கினார். ஒரு ராத்திரி மட்டும்தான், மறுநாள் மாத்திரை போட்டோம், ஆனால் அப்பாவைப் பற்றி அந்தக் கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை.

ஆஸ்பத்திரியிலும் இந்தச் சேவையைப் பயன்படுத்தவேண்டி வந்தது. அம்மாவுக்கு நிமோனியா, ஐ.சி.யூ. ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ராத்திரி பதினொன்றரைக்குச் சின்னச் சாமிக்குப் போன் போட்டேன், அவர் ஃபோனை எடுப்பார் என்றே நம்பவில்லை, மழை வேறு. பத்தே நிமிஷத்தில் நனைந்துகொண்டு வந்தார். வாசலில் செக்யூரிட்டி, பாஸ் ஒன்றுதான், ஒருவர்தான் போகலாம் என்று நிறுத்திவிட்டார், இருபது நிமிஷம் கெஞ்சினோம். கடைசியில் என் பாஸைக் கழற்றிச் சாமியார் கழுத்தில் போட்டு அனுப்பினேன், நான் வெளியே. நீல கவுன், மாஸ்க், கால் உறை. இரண்டு கையிலும் ஊசி குத்திக் கட்டு போட்டிருந்ததால் நெற்றியில் மட்டும், அதுவும் நர்ஸ் கொடுத்த பஞ்சுக் குச்சியால், பூசிவிட்டு வந்தார். அவசரத்துக்கு ஒரே இடத்தில் பூசினாலும் முழுமைதானாம், தக்க காரணம் இருந்தால் கையால் தொடாமல் கருவியால் பூசலாமாம். வெளியே வந்து மாஸ்க்கைக் கழற்றினார், ஏதாவது ஆறுதலாகச் சொல்வார் என்று நின்றேன். "பாட்டி கண்ணைத் திறந்தாங்க அக்கா" என்றார். அவ்வளவுதான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு விடியும்வரை ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா பிழைத்தார். ஆன்டிபயாடிக் வேலை செய்தது, டாக்டர்கள் நன்றாகப் பார்த்தார்கள், அதை மறைக்கக் கூடாது.

சில விவரங்கள், தேவைப்படுகிறவர்களுக்கு. பங்குச் சாமியாரின் நம்பர் மட்டுமல்ல, உதவிச் சாமியார் நம்பரையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக்கு அதுதான் கைகொடுக்கும். நற்கருணையைக் கன்னியர்களோ பங்கில் நியமித்த பொதுநிலையினரோ கொண்டுவந்து கொடுக்கலாம், எங்களுக்கும் சில வாரம் ஒரு சிஸ்டர் வந்தார், சாமியார்களைவிட அவரே பொறுமை. ஆனால் பாவசங்கீர்த்தனமும் பூசுதலும் குருவுக்கு மட்டும்தான், சிஸ்டர் வருகிறாரே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள். போனிலோ வீடியோ காலிலோ பாவசங்கீர்த்தனம் செல்லாது. உயிர் பிரிந்தபிறகு கூப்பிட்டால் செபிப்பார்கள், பூச மாட்டார்கள், அதனால் நினைவு இருக்கும்போதே, நோயாளி தானே வாய்திறந்து பதில் சொல்லும் நிலையிலேயே கூப்பிடுங்கள். பயப்படுவார்களே என்று ஒளிக்காதீர்கள், நம் பயத்தைத்தான் அவர்கள் தலையில் கட்டுகிறோம். கட்டணம் இல்லை. நான் ஒரு கவர் கொடுக்கப் பார்த்தேன், பெரிய சாமியார் கோவில் உண்டியலைக் காட்டிவிட்டார், சின்னச் சாமி வாங்கி எங்கள் கண்முன்னாலேயே அட்டெண்டர் பெண்ணிடம் கொடுத்துவிட்டார், அந்தப் பெண் இந்து, அவரைப் பார்த்தால் இப்போது எங்களைவிட சத்தமாகத் தோத்திரம் சாமி சொல்கிறது.

பங்கு அலுவலகத்துக்கு ஒரு நட்சத்திரம். அவசர சாமியாருக்கு மூன்று. மற்ற இருவருக்கும் போட மனம் வரவில்லை, போட்டால் அம்மா திட்டுவார். அடுத்த முதல் வெள்ளிக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. உங்கள் வீட்டுக்கும் பெரிய சாமியார் வருவதாக இருந்தால் காபியில் சர்க்கரை போடாதீர்கள், சுகர் இருக்கிறது, கொடுத்தால் மறுக்காமல் குடித்துவிடுவார்.